டயாபடீஸ் என்ற சொல்லில் சர்க்கரை இல்லை

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 61. ஒன்றரை மாதத்துக்கு முன்பு பிட்யூட்டரி சுரப்பியில் இருந்த கட்டியை மூக்கு வழியாக அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'டயாபடீஸ் இன்சிபிடஸ்' என்று எழுதி, டெஸ்மோபிரசின் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அதைப் படித்த நாளிலிருந்து வீட்டில் எல்லோரும் 'சுகர் வந்துவிட்டது' என்கிறார்கள். இனிப்பை நிறுத்திவிட்டோம். ராத்திரியில் அடிக்கடி எழுந்து சிறுநீர் கழிக்கப் போகிறார் என்பதால் தண்ணீரையும் குறைக்கச் சொல்கிறார் பெரியப்பா. ஆனால் ரத்தத்தில் சர்க்கரை எத்தனை முறை பார்த்தாலும் நார்மலாகவே இருக்கிறது. டாக்டர் தவறாக எழுதிவிட்டாரா? டயாபடீஸ் என்றால் உண்மையில் என்ன அர்த்தம்? தமிழில் நீரிழிவு என்கிறார்களே, அதில் 'இழிவு' எதற்கு வந்தது? இது போகப் போகச் சர்க்கரை நோயாக மாறிவிடுமா? – ஒரு வாசகி

பதில்: சொல்லின் கதைக்குப் போவதற்கு முன்னால் தண்ணீர் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குத் தண்ணீரைக் குறைக்காதீர்கள். தாகம் எடுக்கும்போதெல்லாம் குடிக்கட்டும், ராத்திரியிலும் கை எட்டும் இடத்தில் தண்ணீர் இருக்கட்டும். மாத்திரையை டாக்டர் சொன்ன வேளையில் தவறாமல் கொடுங்கள். உங்கள் பெரியப்பா அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனால் இந்த நோயில் அந்த யோசனை ஆளை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். மாத்திரை சாப்பிட்டும் ராத்திரியில் பல முறை எழுந்திருக்கிறார் என்றால் மருந்தின் அளவோ வேளையோ சரியாகப் பொருந்தவில்லை என்று தோன்றுகிறது. அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் இன்றைக்கே அவரைப் பார்க்கும் டாக்டரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

இனிப்பையும் இந்த நோய்க்காக நிறுத்த வேண்டியதில்லை.

அடுத்தது, டாக்டர் தவறாக எழுதவில்லை. உங்கள் அப்பாவுக்கு வந்திருப்பது டயாபடீஸ்தான், ஆனால் அது சர்க்கரை நோய் இல்லை. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்று கேட்பீர்கள். அந்தச் சொல் பிறந்த இடத்துக்குப் போனால் இது புரிந்துவிடும்.

டயாபடீஸ் கிரேக்கச் சொல். 'டியா' என்றால் ஊடாக, 'பைனெய்ன்' என்றால் நடப்பது, போவது. இரண்டும் சேர்ந்தால் ஊடாகக் கடந்து போவது. கிரேக்கர்கள் இந்தச் சொல்லைச் சாதாரணப் பொருள்களுக்கும் வைத்திருந்தார்கள். இரண்டு காலையும் அகட்டி நிற்கிற கவராயத்துக்கு அது பெயர். ஒரு பாத்திரத்திலிருந்து திரவத்தை வெளியே இழுத்துவிடும் வளைந்த குழாய்க்கும், அதாவது சைஃபனுக்கும், அதுவே பெயர். நோய்க்கு வந்தது இந்தக் குழாயின் பெயர்தான்.

அப்படிச் சொல்பவர் அரெட்டேயஸ். இன்றைய துருக்கியில் இருக்கும் கப்படோக்கியாவைச் சேர்ந்த மருத்துவர், கி.பி. முதல் அல்லது இரண்டாம் நூற்றாண்டுக்காரர். இந்த நோயை அவர் விவரித்திருப்பதைப் படித்தால் இன்றைக்கும் கொஞ்சம் நடுங்கத்தான் செய்யும். சதையும் கை கால்களும் உருகிச் சிறுநீராக வெளியேறுகின்றன என்கிறார். தாகம் அடங்குவதே இல்லை, குடித்த நீர் உடம்பில் தங்காமல் மனிதனையே ஒரு வழியாக்கிக்கொண்டு போய்விடுகிறது, அதனால்தான் இந்தப் பெயர் என்று காரணமும் சொல்கிறார். கடித்தவருக்குத் தீராத தாகத்தை உண்டாக்கும் டிப்சாஸ் என்ற பாம்பையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறார். இந்த விவரிப்பில் சர்க்கரை எங்கே வருகிறது? எங்கேயும் இல்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு அறிகுறிகள்: அடங்காத தாகம், நிற்காத சிறுநீர். டயாபடீஸ் என்ற சொல் பெயர் வைத்தது அந்த ஓட்டத்துக்கு மட்டும்தான்.

அந்த ஓட்டம் இரண்டு வெவ்வேறு காரணங்களால் வரலாம் என்பது அன்றைக்கு அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. பல நூற்றாண்டுகளுக்கு இரண்டும் ஒரே பெயருக்குள் கிடந்தன.

ஆனால் இந்திய மருத்துவம் இந்த விஷயத்தில் ஐரோப்பாவுக்கு முன்னால் போய்விட்டது. நாம் பெருமைக்காகச் சொல்லிக்கொள்கிற பல விஷயங்களில் பாதி ஆதாரமில்லாதவை, ஆனால் இதற்கு ஆதாரம் இருக்கிறது. சரக சம்ஹிதை சிறுநீர்க் கோளாறுகளைப் பிரமேகம் என்ற தலைப்பில் 20 வகையாகப் பிரிக்கிறது. நோய் வரப்போவதற்கான அறிகுறிகளில் ஒன்றாக, உடம்பையும் சிறுநீரையும் எறும்பும் வண்டும் மொய்ப்பதைச் சொல்கிறது. அந்த 20 வகையில் ஒன்று மதுமேகம், தேன் போன்ற சிறுநீர். இன்னொன்று உதகமேகம். உதகம் என்றால் தண்ணீர். தெளிவாக, ஏராளமாக, குளிர்ச்சியாக, மணமில்லாமல், தண்ணீரைப் போலவே போகும் சிறுநீர் என்று அதை வர்ணிக்கிறார்கள். உங்கள் அப்பாவின் நோயைத்தான் அவர்கள் கண்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பழைய நூலின் வகைகளை இன்றைய நோய்களோடு ஒன்றுக்கு ஒன்று பொருத்துவது நியாயமில்லாத வேலை. ஆனால் தேனாகப் போவதும் தண்ணீராகப் போவதும் ஒன்றல்ல என்று பார்த்த கண்கள் அவை.

மேகம் என்ற சொல்லையும் இங்கேயே பார்த்துவிடலாம். அது வானத்து மேகம் இல்லை. சிறுநீர் கழிப்பதைக் குறிக்கும் வடமொழி வேரிலிருந்து வந்த 'மேஹ' தமிழில் மேகம் ஆனது. பிற்காலத்தில் பால்வினை நோய்களுக்கும் 'மேகநோய்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டதால், மதுமேகம் என்று எழுதியிருப்பதைப் பார்த்து வெட்கப்பட்டவர்கள் உண்டு. தேவையில்லாத வெட்கம்.

சரி, ஐரோப்பாவுக்குத் திரும்புவோம். 1674இல் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர் எழுதிய நூலில் ஒரு திருப்பம் வருகிறது. மூளையின் அடியில் ரத்தக்குழாய்கள் வளையமாகச் சேரும் இடத்துக்கு இன்றும் 'வில்லிஸ் வளையம்' என்றுதான் பெயர், அதே வில்லிஸ்தான். குடித்தது மாறாமல் அப்படியே வெளியே வருகிறது என்று முன்னோர்கள் எழுதிவைத்ததை அவர் ஏற்கவில்லை. நோயாளியின் சிறுநீர் தேனோ சர்க்கரையோ கலந்ததுபோல் வியக்கத்தக்க அளவில் இனிக்கிறது என்று எழுதினார். எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள். அன்றைக்கு லேப் கிடையாது, டாக்டருடைய நாக்குதான் லேப்.

சுவைத்துச் சொன்னதை ஆதாரத்தோடு காட்ட இன்னொரு நூறு ஆண்டு ஆனது. லிவர்பூலில் மேத்யூ டாப்சன் என்ற மருத்துவர், நோயாளியின் சிறுநீரைச் சூடாக்கி வற்றவைத்தபோது வெண்மையான கட்டி ஒன்று மிஞ்சியது. மணத்திலும் ருசியிலும் அது சர்க்கரையேதான். ரத்தத்தின் தெளிநீரும் இனிப்பாக இருப்பதைக் கவனித்து, 1776இல் இரண்டையும் சேர்த்து வெளியிட்டார். கோளாறு சிறுநீரகத்தில் மட்டும் இல்லை, ரத்தத்திலேயே சர்க்கரை கூடியிருக்கிறது என்பதற்கு இது முக்கியமான தடயம். அந்த இனிப்பு திராட்சைச் சர்க்கரைதான், அதாவது குளுக்கோஸ்தான் என்று பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் 1815இல் அடையாளம் காட்டினார்.

இதற்கிடையில் மருத்துவர்களுக்கு ஒரு குழப்பம் மிச்சமிருந்தது. எல்லா டயாபடீஸ் நோயாளிகளின் சிறுநீரும் இனிக்கவில்லை. லிட்டர் லிட்டராகப் போகும், ஆனால் சப்பென்று இருக்கும். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எடின்பரோவில் பேராசிரியராக இருந்த வில்லியம் கல்லன், நோய்களை வகைப்படுத்தும்போது இரண்டையும் பிரித்து அடைமொழி சேர்த்தார். தேனைக் குறிக்கும் 'மெல்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து மெல்லிடஸ், இனிப்பானது. சுவையில்லாதது என்ற பொருளில் இன்சிபிடஸ். ஜான் ரோலோ என்ற ராணுவ மருத்துவர் 1797இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே டயாபடீஸ் மெல்லிடஸ் என்று போட்ட பிறகு அந்தப் பெயர் நன்றாக ஊன்றிவிட்டது.

ஆக, உங்கள் கையில் இருக்கும் காகிதத்தில் எழுதியிருப்பதை அப்படியே தமிழில் சொன்னால் 'சுவையில்லாமல் ஊடாக ஓடிப்போவது'. 200 வருஷத்துக்கு மேல் பழைய ருசிப் பரிசோதனையின் முடிவு அது, இன்றைய டிஸ்சார்ஜ் சம்மரியில் உட்கார்ந்திருக்கிறது! இன்சிபிடஸில் உள்ள 'சேப்' என்ற லத்தீன் வேருக்குச் சுவைப்பது என்றும் பொருள், அறிவது என்றும் பொருள். மனித இனத்துக்கு ஹோமோ சேப்பியன்ஸ் என்று பெயர் வைத்ததும் அந்த வேரிலிருந்துதான்.

இனி உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம், அப்போதுதான் பெரியப்பாவுக்குப் பதில் சொல்ல முடியும். நம் சிறுநீரகங்கள் ஒரு நாளில் ரத்தத்திலிருந்து சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. ஆனால் நாம் வெளியேற்றுவது ஒன்றரை, இரண்டு லிட்டர்தான். மீதியெல்லாம் திரும்ப உடம்புக்குள் உறிஞ்சப்படுகிறது. அதில் பெரும்பகுதி தானாகவே நடந்துவிடும். கடைசிப் பத்தில் ஒரு பங்கு மட்டும், அதாவது 18 லிட்டர் அளவுக்கு, ஒரு ஹார்மோனின் உத்தரவுக்காகக் காத்திருக்கும். அந்த ஹார்மோன்தான் அர்ஜினின் வாசோபிரசின். மூளையில் ஹைப்போதாலமஸ் என்ற பகுதியில் உற்பத்தியாகி, நரம்பிழைகள் வழியாக இறங்கி, பிட்யூட்டரியின் பின்பகுதியில் சேமிக்கப்பட்டு, தேவைப்படும்போது ரத்தத்தில் கலக்கிறது. அது சிறுநீரகத்துக்குப் போய்ச் சேர்ந்தால், கடைசிக் குழாய்களின் சுவரில் தண்ணீருக்கான நுண்ணிய வாசல்கள் திறக்கும், நீர் உள்ளே திரும்பும். அக்வாபோரின் என்ற இந்த வாசல்களைக் கண்டுபிடித்ததற்குத்தான் பீட்டர் ஆக்ரேவுக்கு 2003இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

ஹார்மோன் வராவிட்டால் வாசல் திறக்காது, தண்ணீர் அப்படியே வெளியே போய்விடும். பெரியவர்களுக்கு ஒரு நாளில் 3 லிட்டருக்கு மேல் சிறுநீர் போனாலே கவனிக்க வேண்டும். இந்த நோய் கடுமையாக இருந்தால் 10, 15 லிட்டர்கூடப் போகும். அந்த இழப்பை ஈடுகட்ட உடம்புக்குத் தெரிந்த ஒரே வழி தாகம். உங்கள் அப்பா நிறையக் குடிப்பதால் நிறையப் போகவில்லை. நிறையப் போய்விடுவதால்தான் நிறையக் குடிக்கிறார். தண்ணீரை நிறுத்தினால் சிறுநீர் நிற்காது, ரத்தம் வற்றிச் சோடியம் ஏறும். சோடியம் 135 முதல் 145 வரை இருக்க வேண்டியது. அது வேகமாக மேலே ஏறினால் எரிச்சல், மந்தம், குழப்பம், வலிப்பு, மயக்கம் என்று போய் உயிருக்கே ஆபத்தாகும். ஆஸ்பத்திரியில் தண்ணீரை நிறுத்திவைத்து ஒரு பரிசோதனை செய்வது உண்டு. ஆனால் அது மணிக்கு மணி எடையும் சோடியமும் பார்த்துக்கொண்டே செய்கிற சோதனை. வீட்டில் யாரும் 'கொஞ்ச நேரம் குடிக்காமல் இருந்துதான் பார்ப்போமே' என்று முயலக் கூடாது.

சர்க்கரை நோயில் நடப்பது முற்றிலும் வேறு. அங்கே ஹார்மோன் என்றால் இன்சுலின். அது குறைவதாலோ சரியாக வேலை செய்யாததாலோ ரத்தத்தில் குளுக்கோஸ் கூடுகிறது. அது சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டும்போது சிறுநீரகத்தால் முழுவதையும் திரும்ப எடுக்க முடியாமல் சிறுநீரில் கசிகிறது, கூடவே தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் ஒரே தோற்றம்: தாகம், சிறுநீர். உள்ளே ஒன்றில் கணையம், இன்னொன்றில் மூளையின் அடிப்பகுதி. பழைய கிரேக்க மருத்துவர்கள் வெளியிலிருந்து பார்த்து வைத்த பெயர் இரண்டுக்கும் பொதுவாகிவிட்டது. இன்சிபிடஸ், இன்சுலின் என்று ஒலி ஒத்துப்போவது இன்னொரு தொல்லை. இன்சுலினுக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. கணையத்தில் தீவுகளைப் போலக் கிடக்கும் செல்களிலிருந்து வருவதால், தீவைக் குறிக்கும் 'இன்சுலா' என்ற லத்தீன் சொல்லிலிருந்து அதற்கு அந்தப் பெயர்.

உங்கள் அப்பாவின் அறுவை சிகிச்சைக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பு தெரியவந்த கதை சுவையானது. 1912இல் ஜெர்மனியில் ஆல்ஃபிரட் ஃபிராங்க் என்ற மருத்துவர் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். தலையில் குண்டடிபட்டுப் பிழைத்துக்கொண்ட அந்த மனிதருக்கு, அதன்பிறகு ஓயாத தாகமும் சிறுநீரும். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், பிட்யூட்டரி உட்கார்ந்திருக்கும் எலும்புக் குழியிலேயே குண்டு கிடந்தது. அதுவரை சிறுநீரகத்தின் மேல் இருந்த சந்தேகம் பிட்யூட்டரியின் பக்கம் திரும்பியது. அடுத்த ஆண்டிலேயே இத்தாலியில் ஃபாரினியும் ஜெர்மனியில் வான் டென் வெல்டனும், ஒருவர் செய்தது இன்னொருவருக்குத் தெரியாமல், பிட்யூட்டரியின் பின்பகுதிச் சாற்றை ஊசியாகப் போட்டால் இந்த நோயாளிகளுக்குச் சிறுநீர் குறைகிறது என்று காட்டினார்கள். வாசோபிரசினை ஆய்வகத்தில் செய்து காட்டிய வின்சென்ட் டு விக்னோவுக்கு 1955இல் வேதியியல் நோபல் கிடைத்தது. அதையே கொஞ்சம் மாற்றி 1960களில் உருவாக்கியதுதான் உங்கள் அப்பா சாப்பிடும் டெஸ்மோபிரசின். அவர் உடம்பில் குறைந்துபோன ஹார்மோனின் வேலையை அது செய்கிறது. சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை இல்லை.

சிறுநீரகமே ஹார்மோனுக்குச் செவிசாய்க்காத இன்னொரு வகையும் உண்டு. லித்தியம் மருந்தை நீண்ட காலம் எடுப்பவர்களுக்கு வரலாம், சில குடும்பங்களில் பிறவியிலேயே வரலாம். உங்கள் அப்பாவுக்கு வந்தது அதுவல்ல என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

நீரிழிவு என்ற தமிழ்ச் சொல்லுக்கு வருகிறேன். நீங்கள் கேட்ட கேள்விகளிலேயே எனக்குப் பிடித்தது இதுதான். நீர் என்றால் இங்கே சிறுநீர். நீர்க்கடுப்பு, நீர் பிரியவில்லை என்றெல்லாம் சொல்கிறோமே, அதே நீர். இழிதல் என்றால் முதலில் இறங்குதல், கீழ்நோக்கிப் பாய்தல். சங்கப் பாட்டில் அருவி மலையிலிருந்து 'இழிதரும்'. தகுதி இறங்குவது, அதாவது இன்று நாம் சொல்லும் இழிவு, அதிலிருந்து கிளைத்த பொருள். குறளில் இரண்டையும் ஒரே இடத்தில் பார்க்கலாம்: 'தலையின் இழிந்த மயிரனையர் மாந்தர் நிலையின் இழிந்தக் கடை'. தலையிலிருந்து மயிர் இழிவது வெறுமனே கீழே விழுவதுதான், நிலையிலிருந்து மனிதர் இழிவதுதான் அவமானம். நீரிழிவில் இருப்பது முதல் பொருள். சிறுநீர் இறங்கிப் பாய்வது, அவ்வளவே. யாரையும் தாழ்த்துகிற சொல் இல்லை.

கவனித்தீர்களா, நீரிழிவு என்பதும் டயாபடீஸ் என்பதும் கிட்டத்தட்ட ஒரே பொருள். இரண்டிலும் ஓட்டம் இருக்கிறது, சர்க்கரை இல்லை. சர்க்கரை நோய், இனிப்பு நீர், மதுமேகம் என்பவைதான் மெல்லிடஸுக்கு நேரான சொற்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால், நீரிழிவு என்ற பெயர் சர்க்கரைக்காரர்களைவிட உங்கள் அப்பாவுக்குத்தான் கூடுதலாகப் பொருந்துகிறது. ஆனால் வீட்டில் அப்படிச் சொல்லத் தொடங்காதீர்கள். கேட்பவர்கள் எல்லோரும் சுகர் என்றே எடுத்துக்கொள்வார்கள். வழக்கு போன பக்கம்தான் பொருள் போகும், அகராதியைக் காட்டிச் சண்டை போட முடியாது.

அந்த வழக்கு ஏன் அப்படிப் போனது என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் கணக்குப்படி 2021இல் உலகில் 20 முதல் 79 வயதுக்குள் 53.7 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். இன்சிபிடஸோ சுமார் 25,000 பேரில் ஒருவருக்கு. ஒன்று தெருவுக்குத் தெரு இருக்கிறது, மற்றொன்றைப் பல டாக்டர்களே படித்ததோடு சரி, பார்த்திருக்க மாட்டார்கள். அதனால் மெல்லிடஸ் என்ற அடைமொழி பேச்சில் உதிர்ந்து, டயாபடீஸ் என்றாலே சர்க்கரை என்று ஆகிவிட்டது.

இதை மொழியில் நடந்த சின்ன விபத்து என்று விட்டுவிடலாம்தான், ஆனால் இதனால் உயிர் போயிருக்கிறது. இன்சிபிடஸ் நோயாளி வேறு ஏதோ சிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் சேர்கிறார். சார்ட்டில் டயாபடீஸ் என்று பார்த்துவிட்டுச் சர்க்கரையைச் சோதிக்கிறார்கள், நார்மலாக இருக்கிறது, திருப்தியாகிவிடுகிறார்கள். டெஸ்மோபிரசின் தவறிப்போகிறது, கேட்ட தண்ணீரும் கிடைப்பதில்லை. டெஸ்மோபிரசின் தாமதமானாலோ விடுபட்டாலோ கடுமையான பாதிப்பும் மரணமும் நேரலாம் என்று இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை 2016இல் எச்சரிக்கையே வெளியிட்டது. பின்னர் பல நாடுகளைச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்திய கணக்கெடுப்பில், ஏறக்குறைய 80 சதவீதம் பேர் தங்கள் நோயைச் சர்க்கரை நோயோடு குழப்பிக்கொண்ட மருத்துவப் பணியாளரைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். உங்கள் வீட்டில் நடந்தது படிக்காதவர்கள் செய்த குழப்பம் இல்லை, படித்தவர்களும் செய்வதுதான்.

அதனால் 2022இல் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்களின் சர்வதேச அமைப்புகள் கூடிப் பெயரையே மாற்றும்படி பரிந்துரைத்தன. உங்கள் அப்பாவின் வகைக்குப் புதிய பெயர் 'அர்ஜினின் வாசோபிரசின் குறைபாடு', சுருக்கமாக ஏவிபி-டி. சிறுநீரகம் கேட்காத வகைக்கு 'அர்ஜினின் வாசோபிரசின் எதிர்ப்பு', ஏவிபி-ஆர். நாக்கில் உருளாத பெயர்கள், ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் எந்த ஹார்மோன் இல்லை என்று பெயரிலேயே இருக்கிறது, சர்க்கரை பக்கம் யாரையும் இழுத்துக்கொண்டு போகாது. பழக்கம் மாற நாளாகும் என்பதால் கொஞ்ச காலத்துக்குப் பழைய பெயரையும் சேர்த்து எழுதுவது நடைமுறை. உங்கள் டாக்டர் பழைய பெயரை மட்டும் எழுதியதில் தவறு ஒன்றும் இல்லை. புதியதையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

இது சர்க்கரை நோயாக மாறுமா என்று கேட்டிருந்தீர்கள். மாறாது. ஒன்று இன்னொன்றின் முதல் கட்டமும் இல்லை, லேசான வடிவமும் இல்லை. 61 வயதில் யாருக்கு வேண்டுமானாலும் தனியாகச் சர்க்கரை நோய் வரலாம், அது வேறு கணக்கு. பிட்யூட்டரி அறுவைக்குப் பிறகு ஹைட்ரோகார்ட்டிசோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்திருந்தால், அளவு கூடும்போது சர்க்கரை ஏறக்கூடும். அதற்காக அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது இல்லாமல் உடம்பு தாங்காது. அவ்வப்போது சர்க்கரை பார்த்துக்கொண்டால் போதும்.

நல்ல செய்தியும் இருக்கிறது. பிட்யூட்டரி அறுவைக்குப் பிறகு வரும் இந்தக் குறைபாடு பலருக்குத் தற்காலிகமானது. ஹார்மோன் உற்பத்தியாவது மேலே ஹைப்போதாலமஸில் என்பதால், அறுவையில் அதிர்ந்துபோன நரம்பிழைகள் தேறிவிட்டால் சில நாட்களிலோ வாரங்களிலோ சுரப்பு திரும்பிவிடும். ஒன்றரை மாதம் ஆகியும் சிறுநீர் கூடுதலாகவே போகிறது என்றால் இவருக்கு இன்னும் திரும்பவில்லை போலிருக்கிறது. சிலருக்கு நிரந்தரமாகவும் இருந்துவிடும். மாத்திரை இன்னும் தேவையா, எவ்வளவு தேவை என்பதைச் சோடியம், சிறுநீரின் அளவு இரண்டையும் வைத்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். அதற்கு உதவியாக, ஒரு முழு நாள் சிறுநீரை அளந்து எழுதுங்கள். காலையில் எடையும் பாருங்கள். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் கூடினாலோ குறைந்தாலோ அது தண்ணீர்க் கணக்கு தப்பியதற்கான அடையாளமாக இருக்கலாம்.

எதிர்ப்பக்க ஆபத்தையும் சொல்ல வேண்டும். மாத்திரை வேலை செய்துகொண்டிருக்கும்போது, தாகமே இல்லாமல் உடம்புக்கு நல்லது என்று லிட்டர் லிட்டராகக் குடித்தால் தண்ணீர் உள்ளேயே தங்கிச் சோடியம் இறங்கிவிடும். தலைவலி, குமட்டல், வாந்தி, பேச்சில் தடுமாற்றம், வலிப்பு ஆகியவை அதன் அடையாளம். ஆகவே தாகத்துக்குக் குடிக்க வேண்டும், தாகத்தைத் தாண்டிக் குடிக்கக் கூடாது. குழப்பமாகப் பேசினாலோ, எழுப்ப முடியாத தூக்கமாக இருந்தாலோ, வலிப்பு வந்தாலோ சோடியம் ஏறியதா இறங்கியதா என்று வீட்டில் கண்டுபிடிக்க முடியாது. நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், ரத்தத்தில் சோடியம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து தண்ணீர் குடிக்க முடியாமல் போனாலும் அப்படியே. வேறு ஏதாவது ஆபரேஷனுக்காகப் பட்டினியாக இருக்கச் சொன்னால், இந்த நோய் இருப்பதை முன்கூட்டியே மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். வாய்வழியாகக் குடிக்க முடியாத நேரத்தில் மருந்தையும் நீரையும் ஊசி வழியாகத் தர அவர்கள் ஏற்பாடு செய்வார்கள்.

அப்பாவின் பர்ஸில் ஒரு அட்டை இருக்கட்டும், உங்கள் டாக்டரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வாசகத்தை நானே எழுதித் தருகிறேன்: 'எனக்கு அர்ஜினின் வாசோபிரசின் குறைபாடு (பழைய பெயர் டயாபடீஸ் இன்சிபிடஸ்) உள்ளது. இது சர்க்கரை நோய் அல்ல. டெஸ்மோபிரசின் மருந்தை நிறுத்தாதீர்கள். தாகம் என்று கேட்டால் தண்ணீர் கொடுங்கள். நான் மயங்கிய நிலையில் இருந்தால் உடனே ரத்தத்தில் சோடியம் பாருங்கள்.' ஆஸ்பத்திரியில் காட்டுவதற்கு இதையே ஆங்கிலத்திலும் பின்பக்கத்தில் எழுதி, மருந்தின் அளவையும் டாக்டரின் போன் நம்பரையும் சேர்த்துவிடுங்கள். பெரியப்பாவிடமும் ஒரு நகல் கொடுத்துவிடலாம்.